அண்டை நாடுகளில் செங்கொடி: ஏறியதும் இறங்கியதும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளரிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கொடி திருப்பூருக்குப் புதிதன்று. சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் இராமையன், வேங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் ஆகிய நால்வரும் 1946ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பெற்றதைக் கொங்கு மண் இன்னும் மறக்கவில்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டு இந் நகரப் பனியன் தொழிலாளர் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னற்பொறிகள் ஓய்ந்தன, பல வீடுகளில் அடுப்பும் ஓய்ந்தது. ஆனால், இங்கே அக் கொடி தொழிற்சங்க வாயிலோடு நின்றுவிட்டது. அண்டை நாடுகளிலோ அது ஆட்சிக் கட்டிலிலேயே ஏறியது; பின்பு இறங்கவும் செய்தது. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்னும் கேள்வி, அதே கொடியின் கீழ் பட்டினி கிடந்தவர்களுக்கு வெறும் ஊர்க்கதையாக இருக்க முடியாது.

அண்டை நாடுகள் என்று இங்குச் சொல்லப்பெறுவதில் மலையாள நாடும் வங்க நாடும் அடங்கும். தில்லியின் கணக்கில் அவை மாநிலங்கள்; மொழியின் கணக்கில் அவை நாடுகளே.

1991இல் சோவியத்து ஒன்றியம் உடைந்தது, அதனோடு எல்லா இடத்தும் பொதுவுடைமை வீழ்ந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார் உளர். அது பிழையான கணக்கு. சோவியத்து உடைந்த பின்னும் வங்கத்தில் 20 ஆண்டுகள் இடது முன்னணி ஆண்டது. மலையாள நாட்டிலோ, சோவியத்து வலிவோடு விளங்கிய காலத்திலேயே முதல் ஆட்சி கவிழ்க்கப்பெற்றது. ஆகவே, வீழ்ச்சியின் வேரை மாசுகோவில் தேடிப் பயனில்லை. அந்தந்த மண்ணில்தான் தேட வேண்டும்.

திருப்பூரில் தொடர்வண்டி ஏறினால் ஓரிரு மணிநேரத்தில் பாலைக்காட்டுக் கணவாயைக் கடந்துவிடலாம். அந்த நாட்டில், 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 இடங்களுள் 60 இடங்களைப் பொதுவுடைமைக் கட்சி வென்றது. தனியர் சிலரின் துணையோடு, ஏப்பிரல் 5ஆம் நாள் இ. எம். சங்கரன் நம்பூதிரிப்பாடு முதலமைச்சரானார். உலகிலேயே தேர்தல் வழி வந்த முதற் பொதுவுடைமை ஆட்சி இதுவே என்பர். இத்தாலியால் சூழப்பெற்ற சான் மரீனோ என்னும் சிறு நாடு 1945இலேயே முந்திக்கொண்டது. எனினும் பெருமை குறைவதில்லை. பதவியேற்ற ஒரு கிழமைக்குள் அவ் வரசு செய்த செயல் என்ன தெரியுமா? குத்தகை உழவரை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாதென்று அவசரச் சட்டம் போட்டதுதான்! தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரின் சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தவன் அன்றிரவு தன் குடிசையில் அச்சமின்றி உறங்கினான்.

அடுத்து வந்தவை தனியார் பள்ளிகளை நெறிப்படுத்தும் கல்விச் சட்டமும், உழுபவனுக்கு உரிமை தரும் நிலச்சட்டமும். நிலமுடையாரும் பள்ளியுடையாரும் ஒன்றுகூடினர். கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சங்கமும் பேராயக் கட்சியும் கைகோத்து, 'விடுதலைப் போராட்டம்' என்று அதற்குப் பெயரும் சூட்டின. யாரிடமிருந்து யாருக்கு விடுதலையோ! 1959 சூன் 13ஆம் நாள் அங்கமாலியில் காவலர் சுட்டதில் எழுவர் மாண்டனர். சூலை 31ஆம் நாள், சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும், நேருவின் நடுவணரசு 356ஆம் பிரிவைக் கொண்டு அவ் வாட்சியைக் கலைத்தது. மக்கள் கைவிட்டதால் கவிழ்ந்ததா அது? 1960ஆம் ஆண்டுத் தேர்தல் விடை சொல்லும். எதிரணியார் கூட்டுச் சேர்ந்ததால் அக் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 29ஆகக் குறைந்தன. ஆனால் வாக்குகளோ நூற்றுக்கு 35இலிருந்து 39ஆக உயர்ந்தன. வீழ்த்தியது தில்லி, மக்கள் அல்லர்.

குறையே இல்லாத ஆட்சியன்று அது. 1958இல் கொல்லத்தையடுத்த சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர்மீது அவ் வரசின் காவலரே சுட்டு இருவரைக் கொன்றனர். தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் தமிழர் மிகுந்திருந்தும், 1956இல் அவை மலையாள நாட்டோடு சேர்க்கப்பெற்றன. 1958இல் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில் அக் கட்சி வெல்லப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் தமிழ்ப் பாட்டு துணைநின்றது. பாட்டு தமிழில் இருந்தது. பள்ளியும் அலுவலகமும் எம் மொழியில் இயங்கின என்பதை அங்குள்ள தோட்டத் தொழிலாளரைக் கேட்டால் தெரியும். ஆயினும், 1957இல் ஊன்றிய விதை வீணாகவில்லை. 1970 சனவரி முதல்நாள், அச்சுத மேனனின் ஆட்சியில், நிலச்சீர்திருத்தம் செயலுக்கு வந்தது. அதன் பின் அந் நாட்டில் செங்கொடி ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் வாக்குச் சீட்டால் நடந்த மாற்றங்களே.

வங்கத்தின் வரலாறு வேறு. அங்கே இடது முன்னணி ஆட்சிக்குக் கலைப்புமில்லை, சூழ்ச்சியுமில்லை. 34 ஆண்டுகள் அசையாத ஆட்சி. 1977 சூன் 21ஆம் நாள் சோதி பாசு முதலமைச்சரானார். மறு ஆண்டே ஊர் ஊராக அலுவலர் சென்று, வாரத்துக்கு உழுவோரின் பெயர்களை மக்கள் நடுவிலேயே பதிவு செய்தனர். 14 இலக்கத்துக்கும் மேற்பட்ட வாரக்குடிகள் பதிவுபெற்றனர். விளைச்சலில் அவர்தம் பங்கும் நிலத்தில் நீடிக்கும் உரிமையும் உறுதியாயின. உழவன் அந் நன்றியை அடுத்த ஆறு தேர்தல்களில் வாக்காகத் திருப்பிச் செலுத்தினான்.

அந்த உழவனின் நிலத்திலேயே அரசு கைவைத்தபோது என்ன நடந்தது? 2006இல் சிங்கூரில் மகிழுந்துத் தொழிற்சாலைக்காக டாட்டா நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1000 ஏக்கர் கையகப்படுத்தப்பெற்றது. 2007 மார்ச்சு 14ஆம் நாள் நந்திகிராமத்தில் நிலம் தர மறுத்தோர்மீது காவலர் சுட்டதில் 14 பேர் மாண்டனர். கொடுத்த கையே பறிக்க வந்ததை உழவன் பொறுக்கவில்லை. 2006இல் 294 இடங்களுள் 230க்கு மேல் வென்ற முன்னணி, 2011இல் 62க்குச் சுருங்கியது. முதலமைச்சர் புத்ததேவு பட்டாச்சாரியா தம் தொகுதியிலேயே தோற்றார். 2016இல் உச்சநீதிமன்றம் சிங்கூர் நிலத்தை உழவரிடமே திருப்பித்தர ஆணையிட்டது. 2021இல் அம் முன்னணிக்கு ஓரிடமும் இல்லை.

தொழிற்சாலை வேண்டுமென்ற எண்ணம் தவறன்று. நிலம் காத்த அரசு வேலை வளர்க்கவில்லை என்பது வங்கத்து இளைஞரின் உண்மையான குறை. இன்று அவர்களுள் பலர் திருப்பூரில் துணி வெட்டுகின்றனர், தைக்கின்றனர், கட்டி அனுப்புகின்றனர். குறைந்த கூலிக்கு அவர்களை அமர்த்தி ஆதாயம் காண்பவன் யார் என்று கேட்காமல், அவர்களையே பகைப்பவன் 1984இன் பாடத்தை மறந்தவன்.

நேப்பாளத்தில் 2008இல் முடியாட்சி ஒழிந்தது. மாவோவியர் ஆட்சிக்கு வந்தனர். பின்னர் அங்கே கட்சிகள் சேர்வதும் பிரிவதும், தலைவர்கள் முறைவைத்துப் பதவி மாற்றிக்கொள்வதுமே அரசியலாயின. 2025 செப்டம்பரில் இளைஞர் தெருவுக்கு வந்தனர், சூடுபட்டு மாண்டனர், 9ஆம் நாள் தலைமையமைச்சர் ஒலி பதவி விலகினார்.

எல்லாவற்றினும் தமிழர் நெஞ்சைச் சுடுவது ஈழத்தீவின் வரலாறு. அங்கே பொதுவுடைமையர் தனித்து ஆண்டதில்லை. அமைச்சரவையில் பங்காளிகளாக இருந்தனர். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பெற்றபோது எதிர்த்து வாக்களித்தவர்கள் அந்த இடதுசாரிகள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தையும் எதிர்த்தனர். இரு மொழியை ஏற்றால் ஒரு நாடு, ஒரு மொழியைத் திணித்தால் இரு நாடு என்று எச்சரித்தவர் சமசமாசக் கட்சியின் கொல்வின் ஆர். டி. சில்வா!

பதவி அருகில் வந்தது. கொள்கை தொலைவில் போயிற்று. 1964 சூனில் அக் கட்சி சிறிமாவோ அமைச்சரவையில் சேர்ந்தது. அவ் வாண்டு அக்தோபரில் சிறிமா – சாத்திரி உடன்பாடு ஒப்பமாயிற்று. 5 இலக்கத்து 25 ஆயிரம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அவர்களை ஒரு சொல் கேட்டவர் உண்டா? தேயிலை பறித்த அக் கைகளுள் பல, பின்னர்க் கூடலூரிலும் கோத்தகிரியிலும் புதிதாகத் தேயிலை பறிக்க வந்தன. 1970இல் சமசமாசக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் மீண்டும் அமைச்சரவை ஏறின. 1972 மே 22ஆம் நாள் வந்த குடியரசு அரசியலமைப்பு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது; புத்தமதத்துக்கு முதன்மை தந்தது; சிறுபான்மையினர்க்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவைக் கைவிட்டது. அதை உருவாக்கிய அமைச்சர் யார்? 1956இல் எச்சரித்த அதே கொல்வின்!

தமிழரை விட்டதால் சிங்களவராவது ஏற்றுக்கொண்டனரா? 1975இல் சமசமாசக் கட்சி அமைச்சரவையிலிருந்து வெளியேற்றப்பெற்றது. 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவ் விரு கட்சிகளும் ஓரிடமும் பெறவில்லை. மார்க்சியம் பேசிப் பிறந்து, 1971இல் கிளர்ச்சி செய்து ஒடுக்கப்பெற்ற மக்கள் விடுதலை முன்னணியின் அனுர குமார திசாநாயக்க 2024இல் குடியரசுத் தலைவரானார். அவ் வாண்டு நவம்பரில் அவரது அணி யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6 இடங்களுள் 3 வென்றது. அவரது ஆட்சிக்கு அடிப்படையான 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலோ, கொல்வின் எழுதிச் சேர்த்த அந்தப் புத்தமத முதன்மை அப்படியே தொடர்ந்தது.