செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சைக்கிளில் எவ்வளவு தூரம் போகலாம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று பாருங்கள். வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை. இவற்றுக்கு நடுவே நாமக்கல் வரைக்கும் விரிந்து கிடக்கிறது சமவெளி. இறுக்கி மிதிக்க ஆசைப்படுகிறவருக்கு மலை இருக்கிறது. இன்றைக்குத்தான் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தவருக்குச் சமதரை இருக்கிறது. இரண்டுமே வீட்டு வாசலிலிருந்து எட்டும் தூரம்.

ஆனாலும் பலர் முதல் வாரமே சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறார்கள். எடுத்த எடுப்பில் ஏற்காட்டுக்குக் கிளம்பி, பாதி மலையில் மூச்சு வாங்கி, 'இது நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்பில் குறை ஒன்றுமில்லை. தேர்ந்தெடுத்த பாதைதான் அன்றைய உடம்புக்குப் பொருந்தவில்லை. ஒரு பாதை எளிதா, கடினமா என்பதைக் கிலோமீட்டர் மட்டும் சொல்லாது. ஏற்றம் எவ்வளவு, வெயில் எப்போது ஏறும், காற்று எந்தப் பக்கம் வீசும், திரும்பி வரத் தெம்பு மிஞ்சுமா என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் நம் பகுதிப் பாதைகளை மூன்று படியாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் படி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மேற்கே சிவதாபுரம் வழியாகக் கஞ்சமலை அடிவாரம். போக வர 30 கிலோமீட்டரை ஒட்டி வரும். கொலுசுப் பட்டறைகள் உள்ள தெருக்களைக் கடந்து போனால் கொஞ்ச நேரத்தில் வயல்வெளி வந்துவிடும். கஞ்சமலை இரும்புத்தாது நிறைந்த மலை. சேலம் உருக்காலையும் இந்தப் பக்கம்தான். அடிவாரத்தில் சித்தர் கோயில் இருக்கிறது. அமாவாசையன்று அங்கே கூட்டம் நெரியும், அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாதாரண சைக்கிளில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் போதும். மிதிக்கும்போதே பக்கத்தில் வருகிறவரோடு திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரியாக இருக்கிறது என்று பொருள். 30 கிலோமீட்டர் அதிகம் என்று தோன்றினால் சிவதாபுரத்தோடு திரும்புங்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம்.

இரண்டாம் படி, சில வாரம் விடாமல் மிதித்துக் கால் பழகியவர்களுக்கு. இங்கே இரண்டு பாதைகள் சொல்கிறேன். ஒன்று தாரமங்கலம், போக வர 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடும். கெட்டி முதலிகள் திருப்பணி செய்த கைலாசநாதர் கோயில் அங்கே இருக்கிறது. ஒரு தூணில் வாலி, இன்னொரு தூணில் இராமன். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான். சிற்பி கணக்குப் போட்டு நிறுத்திய தூண்கள் அவை. கால்வலி ஆற அந்தக் கல் மண்டபத்தைவிட நல்ல இடம் கிடையாது.

மற்றொன்று தெற்கே ஆட்டையாம்பட்டி, வையப்பமலை வழியாகத் திருச்செங்கோடு. ஒரு வழியே சுமார் 45 கிலோமீட்டர். ஆட்டையாம்பட்டி கைமுறுக்குக்குப் பேர்போன ஊர், அங்கே நிறுத்தாமல் போக யாருக்கும் மனம் வராது. வழி நெடுக மரவள்ளிக் காடுகள், ஆங்காங்கே ஜவ்வரிசி ஆலைகள், வெள்ளை வெளேரென்று மாவு காயும் களங்கள். வையப்பமலையில் குன்றின் மேல் முருகன், திருச்செங்கோட்டில் மலை மேல் அர்த்தநாரீசுவரர். முதல் தடவை வையப்பமலையோடு திரும்பிவிடுவது நல்லது. போகும்போது இருக்கும் உற்சாகம் வெயிலில் திரும்பும்போது இருக்காது.

மூன்றாம் படி, மலை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆக, ஆயிரம் மீட்டருக்கு மேல் காலாலேயே ஏற வேண்டும். கியர் சைக்கிள் இல்லாமல் இதற்குப் போகாதீர்கள். ஆரம்பத்திலேயே லேசான கியரில் போட்டு, ஒரே சீராக மிதியுங்கள். ஐந்தாவது வளைவோடு திரும்பினாலும் அது ஒரு நல்ல பயணம்தான்.

அதற்கும் மேலே கொல்லிமலை. ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக அடிவாரமான காரவள்ளிக்குப் போகவே 50 கிலோமீட்டர் ஆகிவிடும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே நாளில் போய்வர நினைக்க வேண்டாம். மேலே செம்மேட்டில் இரவு தங்கி, மறுநாள் காலை இறங்குங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். நடு நடுவே நிறுத்தி ரிம்மை ஆறவிடுங்கள்.

எல்லாப் படிக்கும் பொதுவாகச் சில செய்திகள். மார்கழி, தை, மாசி நமக்கு ஏற்ற மாதங்கள். பங்குனி பிறந்துவிட்டால் விடியுமுன் கிளம்பி, 9 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும். அந்த மாதத்தில் தாரமங்கலம் பக்கம் போங்கள். தெம்பாக இருக்கும்போது எதிர்காற்றில் மிதித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும்.

மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புப் போட்ட மோரோ, எலுமிச்சைச் சாறோ, கம்பங்கூழோ வழியில் கிடைக்கும். சீட்டின் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நெடுந்தூரம் மிதித்தால் முழங்கால் வலிக்கும். சாலையோரக் கருவேல முள் டயரை விடாது. ஒட்டுப் போடும் சாமான்கள், ஒரு கைப்பம்பு, மாற்று ட்யூப் மூன்றும் பையில் இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் சோளமும் ராகியும் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் சக்கரம் வழுக்கும், உழவரின் தானியமும் வீணாகும். ஒதுங்கிப் போங்கள். நான்குவழிச் சாலையை முடிந்தவரை தவிருங்கள், தலைக்கவசம் இல்லாமல் கிளம்பாதீர்கள். இதயக் கோளாறு, சர்க்கரை, மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

'இந்த வயதில் எதற்கு, பெண்பிள்ளைக்கு எதற்கு' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளர்களும் உட்பட பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்கும் தண்ணீருக்கும் போய்வந்தார்கள். நம் வீட்டுப் பெண்களும் கஞ்சமலை வரை ஒரு காலையில் போய்வரத் தடை என்ன இருக்கிறது?

சிறிய தூரத்தில் தொடங்கக் கூச்சமாக இருக்கிறதா? உலகின் மிகப் பழைய நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் ஒன்று பிரான்சின் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், முதலிடம் இரண்டாமிடம் என்று பரிசு கிடையாது. அதற்குத் தகுதி பெறுகிறவர்கள் 200 கிலோமீட்டரில் தொடங்கி, 300, 400, 600 என்று படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். அவ்வளவு தேர்ந்தவர்களே அப்படி என்றால், நாம் சிவதாபுரத்தில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நேயர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிளை எடுங்கள். காற்றையும் பிரேக்கையும் சரிபாருங்கள். வீட்டில் ஒருவரிடம் எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் என்பதை உங்கள் உடம்பே முடிவு செய்யட்டும். அடுத்த ஞாயிறும் போக ஆசை வருகிற அளவுக்கு மிதியுங்கள், அதுவே சரியான தூரம்.