பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம்



பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் காலை, தமிழ்நாட்டில் எந்த ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அலுவலக வாசலில் வரிசை. கையில் மதிப்பெண் பட்டியலோடு ஒரு பெண், பக்கத்தில் அவள் அப்பா. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் மளமளவென்று நிரம்புகின்றன. 'விரும்பும் பாடப்பிரிவு' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. "நானூத்தி முப்பது வாங்கியிருக்கே, ஃபர்ஸ்ட் குரூப்பே போடும்மா" என்கிறார் அப்பா. "என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்ப்பா" என்கிறாள் மகள். "காமர்ஸ் எடுத்தா பேங்க் வேலை நிச்சயம்" என்று பின்னால் நிற்பவர் கேட்காமலே சொல்கிறார்.

மதிப்பெண், தோழிகள், கேள்விப்பட்ட செய்தி. மூன்றுமே காரணங்கள்தான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப்போகிறாள் என்ற கேள்வி மட்டும் அந்த வரிசையில் எழவே இல்லை.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978இல் வந்தது. அதற்கு முன்பு பதினோரு ஆண்டு பள்ளிப் படிப்பு, பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. அந்த ஓராண்டுப் படிப்பு இரண்டு ஆண்டாகிப் பள்ளிக்கு வந்தபோது, எதைப் படிப்பது என்று முடிவெடுக்கும் வேலையும் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பதினைந்து வயதில் குரூப் எடுத்தாக வேண்டும்.

எடுப்பது ஒன்றும் பெரிய எண்ணிக்கை அல்ல. தமிழ், ஆங்கிலம் போக நான்கே பாடங்கள். இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உயிரியல் சேர்ந்தால் பயோ-மேத்ஸ். கணினி அறிவியல் சேர்ந்தால் கம்ப்யூட்டர்-மேத்ஸ். கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தால் ப்யூர் சயின்ஸ். கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் என்றால் காமர்ஸ். இவை தவிர வரலாறு உள்ள கலைப்பிரிவும் தொழிற்கல்விப் பிரிவும் உண்டு.

இவற்றில் எது நல்ல குரூப் என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் குரூப் எந்தக் கதவைச் சாத்துகிறது என்று கேட்டால் கிடைக்கும்.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கில் 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணிதத்தின் நூறு மதிப்பெண் அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக ஐம்பது ஐம்பது. ஒரு மாணவர் கணிதத்தில் 98, இயற்பியலில் 96, வேதியியலில் 94 வாங்கினால் கட்-ஆஃப் 193. இன்னொருவர் 88, 92, 90 என்று வாங்கினால் 179. இந்த இரண்டாமவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் கணினியிலும் வெளுத்து வாங்கி, 600க்கான மொத்தக் கணக்கில் முதலாமவரை முந்தியிருக்கலாம். தெருவே பாராட்டியிருக்கும். தரவரிசையில் அந்தப் பாராட்டுக்கு இடமில்லை. கணிதம் பிடிக்காத பிள்ளையைப் பொறியியலுக்காக அந்தக் குரூப்பில் உட்கார வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: பாதி எடை அந்த ஒரே பாடத்தின் மேல்தான் இருக்கிறது.

ப்யூர் சயின்ஸ் எடுத்தவருக்குப் பொறியியல் கதவு ஏறக்குறையச் சாத்தப்பட்டுவிடுகிறது. காமர்ஸ் பிரிவில் உள்ள வணிகக் கணிதமும் அங்கே கணிதமாகச் செல்லாது. பெயரில் கணிதம் இருக்கிறதே என்று நம்பி எடுத்துவிட்டு, பிறகு வருந்துபவர்கள் உண்டு.

மருத்துவத்துக்கு நீட் எழுத வேண்டும். அதற்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியல் தேவை. கம்ப்யூட்டர்-மேத்ஸ் படித்தவர்களுக்கு நெடுங்காலம் அந்த வழியே இல்லாமல் இருந்தது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தளர்த்தி, பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ந்தவர்களையும் அனுமதித்தது. வழி பிறந்திருக்கிறது, ஆனால் அது சுற்றுவழி. உயிரியல் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ். மட்டும்தான் எல்லை என்பதும் சரியல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பும், கால்நடை மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுபவை.

அப்படியானால் எல்லாக் கதவையும் திறந்து வைக்கும் பயோ-மேத்ஸையே எடுத்துவிடலாமே? பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. பொறியியலுக்குப் போகிறவருக்கு உயிரியல் மதிப்பெண் கட்-ஆஃபில் சேராது. மருத்துவத்துக்குப் போகிறவருக்குக் கணிதம் நீட்டில் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு கனமான பாடத்தை இரண்டு ஆண்டு கூடவே சுமக்க வேண்டும். இன்னும் முடிவெடுக்க முடியாத, நான்கையும் தாங்கக்கூடிய மாணவருக்கு அது தகுந்த விலை. முடிவெடுத்துவிட்டவருக்கு வீண் செலவு.

சில கதவுகளுக்குப் பூட்டே கிடையாது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் சரி. சி.ஏ. முதல் நிலைத் தேர்வை அறிவியல் படித்தவரும் எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்துக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவரும் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். வரிசையில் நின்றவர் சொன்ன வங்கி வேலைக்கும், அதிகாரி பணித் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். காமர்ஸ்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எடுத்த பாடத்தை விட்டுப் பிறகு தடம் மாறியவர்களும் உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இயற்பியலிலேயே முனைவர் பட்டமும் வாங்கினார். அதன் பிறகு மறுபடியும் மாணவராகி, சான் டியாகோவில் உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கு. தடம் மாற முடியும் என்பதற்கு அவரே சாட்சி. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் அடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

குரூப்பை எடுத்த பின் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. பிளஸ் ஒன் பாடங்களை ஓரம் கட்டிவிட்டு, முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்குவது பல பள்ளிகளின் பழக்கமாக இருந்தது. நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்கின்றன. இதைச் சரிசெய்யவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது. பிளஸ் ஒன் புத்தகத்தை ஒழுங்காக முடிக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு பள்ளிக்கும் வீட்டுக்கும் திரும்பி வந்திருக்கிறது.

பள்ளி வாசலுக்கே திரும்புவோம். மதிப்பெண் பட்டியலை விட அங்கே பயன்படும் கேள்விகள் சில உண்டு. இந்தப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வகம் திறந்திருக்கிறதா, பூட்டியே கிடக்கிறதா? ஒத்து வரவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் குரூப்பை மாற்றித் தருவார்கள்? இடம் காலியாக இருந்தால் தொடக்க வாரங்களில் மாற்றிக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. நாள் போனால் பாடம் ஓடிவிடும்.

அந்தப் பெண் பேனாவை மூடி அப்பாவின் சட்டைப் பையில் சொருகுகிறாள். "இருங்கப்பா, கம்ப்யூட்டர் சாரைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று மாடிப்படி ஏறுகிறாள். வரிசையில் பின்னால் நிற்பவர் ஓர் அடி முன்னே வருகிறார். அவர் கையில் இருக்கும் விண்ணப்பத்திலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.