மனநல டாக்டரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷுகர், பி.பி. என்றால் நம்மவர்கள் டாக்டரைத் துளைத்து எடுப்பார்கள். மனநல டாக்டர் முன்னால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று, சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் தமையனாருக்கு பைபோலார் என்ற நோய். (அவர் சம்மதித்துத்தான் சொல்கிறேன்.) பல வருஷமாக லித்தியம் மாத்திரை. நாக்பூரில் ஒரு மே மாதம், ஏகாதசியன்று தீர்த்தம்கூட இல்லாமல் உபவாசம் இருந்தார். மறுநாள் கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல். ஸ்ட்ரோக் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் லித்தியம் ஏறிவிட்டது என்றார்கள். லித்தியமும் சோடியமும் ஒரே குடும்பம். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த எனக்கே இது தோன்றவில்லை. மாதாமாதம் பார்த்த டாக்டரும் சொல்லவில்லை. அவர் சீட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தே நான் கண்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

மருந்து எழுதினால் அது எதற்கு, எத்தனை நாளில் பலன் தெரியும், என்ன தொந்தரவு வரலாம் என்று டாக்டர் சொல்ல வேண்டும். டிப்ரெஷன் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இது தெரியாமல் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும். சைவ உணவுக்காரர்களான நமக்கு பி12 குறைவது சகஜம். மறதியும் மனச்சோர்வும் அதனாலும் வரும். அதைப் பார்க்கச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். வேறு என்ன மாத்திரை, என்ன லேகியம், என்ன விரதம் என்று அவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும். சில பி.பி. மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

இன்னொன்று. அம்மாவுக்கு ஹிந்தி வராது; பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். அந்த அம்மாவின் கஷ்டமே பிள்ளையகத்தில் இருந்தால்? டாக்டர் கொஞ்ச நேரமாவது நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். கேட்டதை வெளியே விடக் கூடாது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த ரகசியத்தையும், சிகிச்சை விவரம் அறியும் உரிமையையும் நமக்குத் தந்திருக்கிறது. சர்க்காரில் காலம் தள்ளியவன் நான். கேட்காமல் எதுவும் கைக்கு வராது என்பது தெரியும். பாஷைதான் தடை என்றால், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

டாக்டரை மாற்றிவிட்டோம். தமையனார் இப்போது கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். போன தடவை முதல் கேள்வி, வைகுண்ட ஏகாதசிக்கு என்ன செய்வது என்பது. பால், பழம், உப்புப் போட்ட மோர், தண்ணீர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், நிர்ஜலம் மட்டும் கூடாது என்றார் புது டாக்டர். துவாதசி அகத்திக்கீரைக்கும் ஆட்சேபணை இல்லையாம்.