நகையும் நற்பண்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் புலவர்களைப் பற்றியும் புரவலர்களைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, அமெரிக்க நாட்டு நடிகர் ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு, கைகளை விரித்தபடி மாடிப்படிகளில் தாவி இறங்கும் சிறுவர்கள் நம் குடியிருப்பில் எத்தனை பேர்! அவர்களைக் காணும்போது, அந்நடிகர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர் என்றே தோன்றுகின்றது. அவர் பெயர் ஆடம் வெஸ்ட். பேட்மேன் என்னும் வௌவால் வீரராகத் தொலைக்காட்சியில் தோன்றியவர். 2017ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், தம் 88ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார்.

அவர் மறைந்த ஆறாம் நாள் அந்நகரில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். பேட்மேன் கதையில், ஊருக்கு இடர் நேரும்போது காவல்துறையினர் வௌவால் வடிவம் பொறித்த பெருவிளக்கு ஒன்றை வானை நோக்கி ஏற்றுவர். அவ்வொளியைக் கண்ட வீரர் விரைந்து வருவார். ஜூன் 15 அன்று இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றத்தின் உயர்ந்த கட்டடத்தின்மீது அந்த வௌவால் வடிவம் ஒளியாய் விழுந்தது. நகர மேயரும் காவல்துறைத் தலைவரும் முன்னின்று அதனை ஏற்றினர். மக்கள் திரண்டு நின்றனர். பலர் வீரரின் உடையையே அணிந்து வந்திருந்தனர். இம்முறை அவ்விளக்கு எவரையும் அழைப்பதற்கு ஏற்றப்படவில்லை, வழியனுப்புவதற்கு ஏற்றப்பட்டது.

ஆட்சி செய்தவர் அல்லர். போரில் வென்றவர் அல்லர். இறுக்கமான சாம்பல் நிற உடையும் நீல முகமூடியும் அணிந்து, பார்த்தவரைச் சிரிக்க வைத்த ஒரு நடிகர். அவர்க்கு ஒரு மாநகரம் இத்தகைய மரியாதை செய்தது ஏன்? இதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஆடம் வெஸ்ட் 1928ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா என்னும் ஊரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் வெஸ்ட் ஆண்டர்சன். தந்தையார் கோதுமை விளைவித்த உழவர். மைந்தர் அவ்வூரிலுள்ள விட்மன் கல்லூரியில் இலக்கியம் பயின்றார். பின்னர் ஹவாய்த் தீவுக்குச் சென்று, சிறுவர்க்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு மனிதக் குரங்குடன் சேர்ந்து நடித்தார். 1959இல் ஹாலிவுட் வந்தடைந்து, பல படங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். கட்டான உடல், கணீரென்ற குரல், சிரிப்பு வரும் இடத்திலும் சிரிக்காத முகம்: இம்மூன்றுமே அவர் கைம்முதல்.

பேட்மேன் கதையோ அவர்க்கு முன்பே புகழ் பெற்றிருந்தது. 1939இல் படக்கதை இதழில் பிறந்த பாத்திரம் அது. தன் கண்ணெதிரே பெற்றோர் கொலையுண்டதைக் கண்ட சிறுவன் ஒருவன் வளர்ந்து பெருஞ்செல்வனாகின்றான்; பகலில் கனவானாகவும், இரவில் முகமூடி அணிந்து தீயோரை ஒறுப்பவனாகவும் வாழ்கின்றான். அடிப்படையில் துயரக் கதை. இதனை 1966ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் முதல் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியபோது, தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் புதுவழி ஒன்றை மேற்கொண்டார். சிறுவர்க்கு அது வீரக் கதையாக இருத்தல் வேண்டும். பெரியோர்க்கு அதுவே நகைச்சுவையாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆகவே எல்லாம் வேண்டுமென்றே மிகைப்படுத்தப்பட்டன. கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். தீயோரின் மறைவிடம் வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் காட்சி. அடி விழும்போதெல்லாம் திரையில் எழுத்துகளாய் வெடிக்கும் ஓசைகள். புதன் இரவு வீரர் கொடிய பொறியில் சிக்குவார்; வியாழன் இரவு தப்புவார். தீயோருள் ஒருவரான ஜோக்கர் வேடம் ஏற்ற சீசர் ரொமேரோ தம் மீசையை மழிக்க மறுத்துவிட்டதால், மீசையின் மீதே வெள்ளைச் சாயம் பூசி அவரை நடிக்க வைத்தனர்! இத்தகைய மிகைக் கலையை ஆங்கிலத்தில் ‘கேம்ப்’ என்பர். (நம் குடியிருப்பில் படைப்பிரிவைச் சேர்ந்த அன்பர்கள் பொறுத்தருள்க, அது வேறு கேம்ப், இது வேறு கேம்ப்!) சூசன் சான்டாக் என்னும் அம்மையார் 1964இல் இதனைக் குறித்து எழுதிய கட்டுரை இன்றளவும் படிக்கப்படுகின்றது.

இனி, ஆடம் வெஸ்டின் தனித்திறம் யாது எனக் காண்போம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும்போது நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலும் ஒன்று, இளமையும் ஒன்று. எள்ளலாவது பிறரை இகழ்ந்து சிரித்தல். இளமையாவது குழந்தைத் தன்மையால் விளையும் சிரிப்பு. அந்தத் தொடரை எழுதியவர்களிடம் எள்ளல் இருந்திருக்கலாம். பார்த்த பெரியோரிடமும் இருந்திருக்கலாம். ஆடம் வெஸ்டின் நடிப்பிலோ எள்ளல் ஓர் இழையளவும் இல்லை. தாம் ஏற்ற வீரனைப் பார்த்து அவர் ஒருபோதும் கண் சிமிட்டவில்லை. முழுமையாக நம்பி நடித்தார். அதனால்தான் சிரிப்பும் பிறந்தது, அன்பும் பிறந்தது.

இரண்டொரு சான்று காட்டுவோம். முதல் கதையில் வீரர் ஓர் ஆடலரங்கிற்குள் நுழைகின்றார். முகமூடியும் தோளில் புரளும் போர்வையுமாக நிற்கும் அவர்க்கு, நடு இடத்தில் இருக்கை தருகின்றோம் என்கின்றனர். பிறர் கவனத்தை ஈர்க்க விரும்பவில்லை என்று அவர் பணிவுடன் மறுக்கின்றார்! அங்கே மதுவைத் தொடாமல் ஆரஞ்சுச் சாறு கேட்டுப் பருகுகின்றார். இளந்தோழன் ராபினோ வயது நிரம்பாதவன் ஆதலின் உள்ளே வராமல் வண்டியிலேயே காத்திருக்கின்றான். உலகைக் காக்க விரையும் அவசரத்திலும் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்ளுமாறு அத்தோழனுக்கு அறிவுறுத்தும் வீரர் அவர். அமெரிக்காவில் புதிய கார்கள் அனைத்திலும் அப்பட்டை இருத்தல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 1968இல்தான் என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

1966இல் வெளிவந்த திரைப்படத்தில் மற்றொரு காட்சி. திரி எரியும் வெடிகுண்டைக் கையில் ஏந்தி, அதனை எறிவதற்கு இடம் தேடித் துறைமுகத்தில் ஓடுகின்றார் வீரர். ஒரு பக்கம் போனால் கன்னித் துறவியர். மறுபக்கம் போனால் குழந்தை வண்டியோடு ஒரு தாய். நீரில் எறியலாம் என்றால் அங்கே படகில் காதலர். இன்னோர் இடத்தில் வாத்துக் குஞ்சுகள்! நாம் வயிறு குலுங்கச் சிரிக்கின்றோம். சிரித்து முடித்த பின் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படுகின்றது. தம் கையில் குண்டு வெடித்தாலும் வெடிக்கட்டும், ஒரு வாத்துக் குஞ்சும் சாகலாகாது என்று எண்ணும் உள்ளம் அது. நகையின் உள்ளே அருள் ஒளிந்து நிற்கின்றது. சிறுவர்கள் அந்த அருளைத்தான் கண்டார்கள். பெரியோர்கள் நகையைக் கண்டார்கள். சிறுவர்களே சரியாகக் கண்டவர்கள் என்பது எம் துணிபு.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது சற்றே துயரமானது. 1968ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், 120 பகுதிகளோடு அத்தொடர் முடிந்தது. அப்போது ஆடம் வெஸ்டுக்கு வயது 39. அதன்பின் 49 ஆண்டுகள் வாழ்ந்தார். இரண்டே ஆண்டு அணிந்த முகமூடி எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவர் முகத்தை விட்டு நீங்கவில்லை. வேறு வேடம் கேட்டுச் சென்ற இடங்களில் அவரைக் காணாமல் பேட்மேனையே கண்டார்கள். ஊர்ச் சந்தைகளிலும் கார்க் கண்காட்சிகளிலும் பழைய உடையோடு தோன்றிப் பிழைக்கும் நிலையும் வந்தது. மக்களின் அன்பே கலைஞனுக்குச் சிறையாவதும் உண்டு.

ஒருபுறம் இவ்வாறாக, மறுபுறம் படக்கதை அன்பர் சிலர் அவரைக் குறை கூறினர். தங்கள் வீரனைக் கேலிப்பொருளாக்கிவிட்டார் என்பது அவர்கள் மனக்குறை. 1970ஆம் ஆண்டை ஒட்டி அக்கதைகள் மீண்டும் இருண்ட போக்கில் எழுதப்பட்டன. 1989இல் பெருஞ்செலவில் பேட்மேன் திரைப்படம் வந்தபோது மைக்கேல் கீட்டன் வீரராக நடித்தார். ஆடம் வெஸ்டுக்கு அதில் இடம் இல்லை. 2008இல் வந்த படத்தின் பெயரே ‘இருள் வீரன்’ என்னும் பொருளுடையது.

இந்நிலையில் அவர் என்ன செய்தார்? வெறுத்து ஒதுங்கியிருக்கலாம், அந்த வேடத்தைப் பழித்துப் பேசியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளும் பெருமிதத்தை மேற்கொண்டார். 2000ஆம் ஆண்டு முதல் ‘ஃபேமிலி கை’ என்னும் கேலிச்சித்திரத் தொடரில், ஆடம் வெஸ்ட் என்ற தம் பெயரிலேயே, கோணல் புத்தி படைத்த ஒரு மேயருக்குக் குரல் கொடுத்தார். முகமூடியைப் பிடுங்கி எறிய இயலாதவர், அதன்மேல் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார் எனலாம். அந்தத் தொடர் வழியாக, பழைய கதையை அறியாத ஒரு புதிய தலைமுறை அவரை விரும்பத் தொடங்கியது.

அவர் வாழ்வின் திறவுகோல் என்று நாம் கருதுவது 1992இல் வந்த பேட்மேன் கேலிச்சித்திரத் தொடரின் ஒரு பகுதி. அதில் ‘சாம்பல் ஆவி’ என்னும் பழைய தொலைக்காட்சி வீரனாக நடித்த சைமன் டிரென்ட் என்ற நடிகன் வருகின்றான். அவ்வேடத்தின் பின் அவனுக்கு வேறு வாய்ப்பே இல்லை. வாடகை கொடுக்கப் பழைய உடைகளையும் நினைவுப் பொருள்களையும் விற்கின்றான். அவனைத் தேடி வந்து உதவி வேண்டுபவர் பேட்மேனே! சிறுவயதில் தந்தையின் அருகில் அமர்ந்து அவன் நடிப்பைப் பார்த்துத்தான் தாம் வீரனாக விழைந்ததை அவர் புலப்படுத்துகின்றார். அந்த முதிய நடிகனுக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? ஆடம் வெஸ்ட்! அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் கலைஞர்களாகி, அவர் உயிரோடு இருக்கும்போதே தங்கள் நன்றியை அவர் வாயாலேயே பேசவைத்தனர். மறைந்த பின் ஏற்றிய விளக்கினும் இது பெரிது என்போம்.

அதன்பின் நன்றி பல வழிகளில் வந்தது. 2012இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு விண்மீன் பதித்தனர். உரிமைச் சிக்கல்களால் பல்லாண்டு முடங்கிக் கிடந்த பழைய தொடர் 2014இல் குறுந்தட்டுகளாக முழுமையாய் வெளிவந்தது. 2017 அக்டோபரில், அவர் குரல் கொடுத்த கடைசி பேட்மேன் படம் அவர் மறைந்த பின் வெளிவந்தது. அவர் தம்மை ‘ஒளி வீரன்’ என்றே கருதினார் என்று மக்கள் விடுத்த அறிக்கை கூறியது. இருள் வீரர்கள் மலிந்த காலத்தில் ஒருவர் ஒளி வீரராக இருக்க எண்ணியது சிறிய செயல் அன்று.

பெரியோர்களே, அழவைக்கும் கலைஞனுக்கு நாம் தலைவாழை இலை போடுகின்றோம். சிரிக்க வைக்கும் கலைஞனுக்கோ இரண்டாம் பந்திதான். அவன் மறைந்த பின், ‘இவன் போல் உண்டா!’ என்று ஏங்குகின்றோம். தன்னைக் கோமாளியாக்கிக்கொண்டு பிறர் பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுபவனுக்குத் தன்மானம் இல்லை என்று யாரும் எண்ணற்க. அவன்தான் தன்மானத்தை முதலீடாக வைத்து நமக்கு மகிழ்ச்சி ஈட்டித் தருபவன்.

இன்னும் சிறிது நேரத்தில் நம் குடியிருப்புப் பிள்ளைகளின் நாடகம் தொடங்க இருக்கின்றது. அரசன் வேடம் இட்டவனுக்குக் கைதட்டுவீர்கள், அது முறையே. மீசை கழன்று விழக் கோமாளியாய் வந்து உங்களைச் சிரிக்க வைக்கும் பையனையும் மறவாதீர்கள். நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் செல்லுங்கள். அவனை ‘கோமாளி’ என்று கூப்பிடாமல், அவன் பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அழைத்து, ‘நன்றாக நடித்தாய் தம்பி’ என்று ஒரு வார்த்தை கூறுங்கள். அவ்வொரு சொல்லை இன்றே கூறுமாறு வேண்டி அமர்கின்றோம்.