மகளும் குடும்பம்தான்



குடும்பம் ஒற்றுமையாக இருக்க வேண்டும். பெற்றோரை மதிக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் இதைப் பெரிதாக நினைக்கின்றன. நல்ல வழக்கம். அதைக் காப்பது எப்படி? இதில்தான் கருத்துகள் வேறுபடும்.

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டது திருவிதாங்கூர் அரசு. 1916-இல் அந்த அரசு கிறிஸ்தவர்களுக்கு ஒரு வாரிசுச் சட்டம் போட்டது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு என்ன கிடைக்கும்? மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய். எது குறைவோ, அதுதான்.

மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1986 பிப்ரவரி 24-இல் தீர்ப்பு வந்தது. 1951-லேயே பழைய சட்டம் செல்லாமல் போயிற்று என்றது நீதிமன்றம். மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு கிடைத்தது.

சபைகளில் பலர் எதிர்த்தார்கள். உடன்பிறந்தாருக்குள் சண்டை வரும், குடும்பம் உடையும் என்று அஞ்சினார்கள். அதுவும் குடும்பத்தின் மேல் உள்ள அக்கறைதான். ஆனால் மகளும் அதே குடும்பத்துப் பிள்ளை அல்லவா?

பழைய சட்டத்திலேயே இதற்கு விடை உண்டு. திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, கொல்லம் தாலுகாக்களில் லத்தீன் கத்தோலிக்கர் சிலரும் புராட்டஸ்டண்டுகள் சிலரும் முன்பே சமமாகப் பங்கிட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் விலக்குத் தந்தது. வேதம் ஒன்று; வழக்கம் வேறு. சமப் பங்கு கொடுத்ததால் அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லாமல் போகவில்லை.

ஆகவே, உங்கள் நம்பிக்கையை உறுதியாகச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து சொல்பவரைப் பகைவர் என்று எண்ணாதீர்கள். வீட்டில் மகள் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள்.