வளைகாப்புக்கு முன்னே ஒரு காப்பு
(விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் இல்லங்களில் ஒரு பெண் கருவுற்றால் ஏழாம் மாதத்தில் சுற்றமெல்லாம் கூடிக் கை நிறைய வளையல் அடுக்கி வாழ்த்துகிறோம். அவ்வாழ்த்து என்றும் வேண்டுவதே. ஆயினும், பிறக்கப்போகும் குழந்தையின் முதுகுத் தண்டைக் காக்கும் காப்பு ஒன்று உண்டு. அதனைக் கரு உருவாகும் முன்னரே அணிவித்தாக வேண்டும். அது குறித்தே இன்று பேச விழைகிறேன்.

கருவில் முதலில் தட்டையாக இருக்கும் ஒரு படலம், இருபுறமும் மடிந்து குழல்போல் மூடிக்கொள்கிறது. இந்த நரம்புக் குழலே பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்கிறது. கருத்தரித்த 28 நாள்களுக்குள் இப்பணி முடிந்துவிடும். முதுகுப் பகுதியில் குழல் மூடாது நின்றால், குழந்தையின் கால்கள் செயலிழக்கலாம். சிறுநீரும் மலமும் கட்டுப்படாது போகலாம். தலைப் பகுதியில் மூடாது நின்றால், அக்குழந்தை பிழைப்பதில்லை. அந்த 28ஆம் நாள், மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரமே ஆன நாள். தாம் கருவுற்றிருப்பதைப் பெண்கள் பலர் அப்போதுதான் அறிகின்றனர்.

பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய குழந்தையை ஈன்ற இளந்தாய் ஒருவர், “நான் செய்த பிழை என்ன?” என்று என்னிடம் வினவினார். நான்காம் மாதத்தில் கொடுக்கப்பட்ட மாத்திரைகளை ஒரு நாளும் தவறாது உண்டவர் அவர். உறவினர் ‘முன்வினை’ என்றனர். “அம்மா, பிழை உன்னுடையதன்று, உரிய காலத்தில் உனக்குச் சொல்லாத எங்களுடையது” என்றேன். அன்றுமுதல் திருமண அழைப்பிதழ் கொண்டுவருவோரிடமெல்லாம் இதனைச் சொல்லி வருகிறேன்.

அந்தக் காப்பின் பெயர் ஃபோலிக் அமிலம். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. 1941இல் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வெளியாயிற்று. கருத்தரிக்கும் முன்பே இம்மருந்தை உண்டோரிடம் அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது.

கீரையும் பயறும் நாம் உண்பவைதாமே எனலாம். ஆனால் சமைக்கையில் இச்சத்துப் பெரிதும் அழிகிறது. ஆதலின் கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரை, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் மாத்திரை உண்ண வேண்டும். முந்தைய குழந்தைக்கு இக்குறை இருந்தோர், நீரிழிவுடையோர், வலிப்புக்கு மருந்துண்போர் ஆகியோருக்குக் கூடிய அளவு தேவைப்படலாம். அதனை மருத்துவரே வரையறுப்பார். இம்மருந்து வேதிமுறையில் ஆக்கப்படுவது, உயிரினத்திலிருந்து எடுக்கப்படுவதன்று. காலை உணவுக்குப் பின் உண்ணலாம் என்பதால், இரவுணவு விலக்கும் நெறிக்கும் இடையூறில்லை.

நம்மவர் கருத்தில் கொள்ளவேண்டிய மற்றொன்று பி12 உயிர்ச்சத்து. தாவர உணவில் இது இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், தயிர், மோர் வழியே நமக்குச் சேர்கிறது. இவற்றைக் குறைவாக உண்போர், கருத்தரிக்கும் முன்னரே குருதிச் சோதனை செய்துகொள்வது நன்று.

அம்மருத்துவச் சந்திப்பிலேயே வேறு சிலவும் முடித்துவிடலாம். ருபெல்லாத் தடுப்பூசி போடாதோர் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். வலிப்பு மருந்துகளுள் சில கருவுக்கு ஊறு செய்வன. அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவர்வழி மாற்றிக்கொள்ள வேண்டும். உறவுக்குள் மணந்தோரும், குடும்பத்தில் பரம்பரை நோயுடையோரும் மரபியல் ஆலோசனை பெறுதல் நலம்.

எல்லாப் பிறவிக் குறைகளையும் தடுக்க இயலாது. குறையுடன் பிறக்கும் குழந்தையும் நம் குழந்தையே. அதன் தாய் பழிக்குரியவள் அல்லள். தடுக்கக்கூடியதைத் தடுப்பது மட்டும் நம் கடமை. நான் குறிப்பிட்ட அத்தாய், அடுத்த பேற்றுக்கு மூன்று மாதம் முன்பே மருந்து தொடங்கினார். நலமான பெண் குழந்தை பிறந்தது.

மாமியார்களே, தாய்மார்களே! மருமகளுக்கும் மகளுக்கும் வளையல் வாங்கும் நாளை எண்ணி மகிழுங்கள். அதற்கு முன்பே, குழந்தை வேண்டும் என்று அவர்கள் எண்ணத் தொடங்கும்போதே, இம்மாத்திரையை நினைவூட்டுங்கள்.