கையில் தூக்கும் மின்சாரப் பெட்டி



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்துக்கு அருகே கரையைக் கடந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை. அதன்பின் நானும் ஒரு மின்சாரப் பெட்டி வாங்கினேன். லித்தியம் பாட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாய் அமைந்து, கடைகளில் 'பவர் ஸ்டேஷன்' என்று விற்கப்படுகிறதே, அதுதான். அட்டையில் 600 வாட் என்று கொட்டை எழுத்தில் கண்டு மயங்கினேன். அடுத்த மழைக்காலத்தில் மின்சாரம் நின்ற ஓர் இரவில், ஒன்பது மணிக்குப் போட்ட விசிறி நடுநிசிக்கு முன்பே ஓய்ந்தது. விடியும் வரை பேரக் குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தோம்.

வாட் என்பது களஞ்சியத்தின் கதவு போன்றது. உள்ளே எத்தனை மூட்டை இருக்கிறது என்பதைச் சொல்வது வாட்-மணி. என் பெட்டியில் அது 300 தான்! அதிலும் ஐந்தில் ஒரு பங்கு பெட்டிக்குள்ளேயே வீணாகிவிடும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே முதலில் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். 9 வாட் விளக்கு இரண்டு, ஆறு மணி நேரம் எரிய 108 வாட்-மணி. கைப்பேசிகளுக்கு 30. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். எட்டு மணிக்கு 600. புதிய பி.எல்.டி.சி. விசிறியோ சுமார் 30 வாட்தான், 240-இல் முடியும். விசிறியை மாற்றினால் 500 வாட்-மணிப் பெட்டி ஓர் இரவுக்குப் போதும்; மாற்றாவிட்டால் 1,000 வேண்டும். பெட்டிக்கு முன் விசிறியை வாங்குங்கள் என்பேன்.

வீட்டை விட்டு நகராத உபயோகத்துக்கு, சாதாரண இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரியுமே செலவுக்குச் சிக்கனம். அதில் பெயரளவில் 1,800 வாட்-மணி அடங்கும். ஆனால் அதைத் தூக்கிச் செல்ல இயலாது. தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கவும் வேண்டும். களத்துமேட்டில் காவல் படுப்போர், ஆட்டுக்கிடை போடுவோர், புயல் காப்பிடத்துக்குப் பொருள் சேர்க்கும் பஞ்சாயத்துகள் ஆகியோருக்கே இப்பெட்டி ஏற்றது. வாங்குவோர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையையே கேட்டு வாங்கவேண்டும். எடை சற்று அதிகமாயினும், இரண்டாயிரம் மூன்றாயிரம் முறை மின்னேற்றினாலும் தாங்கும். சூட்டையும் பிற லித்தியம் வகைகளைவிட நன்கு பொறுக்கும். இறைவை மோட்டார் ஓட்டலாம் என்ற ஆசை வேண்டாம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 750 வாட்டுக்குக் குறையாது. கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும்.

சூரியத் தகடு உண்டென்று அசட்டையாய் இருப்போரும் உளர். புயல் மேகத்தில் தகடு தருவது சொற்பம். எச்சரிக்கை வந்த அன்றே கம்பி மின்சாரத்தில் முழுவதும் ஏற்றி வையுங்கள். பெட்டியிலிருந்து வயர் இழுத்து வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகுவதை மட்டும் எவரும் செய்யலாகாது. அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பினால், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து.